அலறலுக்கு அப்பால் நின்று பாருங்கள்

நார்வே தலைநகர் ஆஸ்லோவில் ஓவியர் எட்வர்ட் மூங்கின் படைப்புகளைக் கொண்ட மூங்க் அருங்காட்சியகத்தில், அவரது 'அலறல்' ஓவியம் ஒன்றைத் தவிரப் பார்க்க எதுவுமில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முழுப் பகலை அங்கே கழித்தேன். போதவில்லை.

அலறலின் வடிவங்கள் இருட்டறையில் மாற்றி மாற்றித்தான் காட்டப்படுகின்றன. அட்டையிலும் காகிதத்திலும் உள்ளவை, வெளிச்சம் தாங்காது. 1910ஆம் ஆண்டு வடிவம் 2004இல் பட்டப்பகலில் திருடப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து ஈரக்கறையுடன் மீண்டது. அந்தக் கறையைத் தேடிப் பார்த்தபோது மனம் கனத்தது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 'நோயுற்ற குழந்தை' என்ற ஓவியம். அக்கா சோஃபி காசநோயில் இறந்தபோது மூங்குக்கு வயது 13. அந்த நோய்ப்படுக்கைக் காட்சியை அவர் நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை வண்ணத்தில் தீட்டினார். முதல் வடிவம் அதே நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தவறாமல் அதையும் பாருங்கள். தலையணையில் சாய்ந்த அந்த வெளிறிய முகமும், அருகே குனிந்த தலையும்! என் அம்மாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்து, அங்கிருந்த இருக்கையிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

1940இல், நாஜிப் படைகள் நார்வேக்குள் புகுந்த பிறகு, தன்னிடமிருந்த படைப்புகளை எல்லாம் ஆஸ்லோ நகரத்துக்கே உயில் எழுதினார் மூங்க். அதனால்தான் ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி சிதறாமல் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறது. 'சூரியன்' ஓவியம் இருக்கும் பெரிய கூடத்துக்குக் கடைசியாகப் போங்கள். அவ்வளவு துயரம் பார்த்த கண்களுக்கு அந்த ஒளி வேண்டியிருக்கிறது.