பாண் வண்டி வரும் நேரத்தில்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை டிசம்பர் 21ஆம் திகதியை உலகத் தியான நாளாக 2024இல் அறிவித்தபோது, அத்தீர்மானத்தை முன்வைத்த நாடுகளுள் இலங்கையும் இருந்தது. அந்நாளில் மண்டபத்தில் கூடி அரை மணித்தியாலம் கண்மூடியிருப்பது எவருக்கும் இயலும். மறுநாள் காலை, பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தைத் தேடும் வீட்டில் அதை எப்படிச் செய்வது என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்பில் நான் சென்ற வகுப்பொன்றில், நாற்பது நாள் தொடர்ந்து அமர வேண்டும், ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். பதினேழாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். விடியும்வரை ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தேன். மறுபடி ஒன்று, இரண்டு என்று நாள் எண்ண மனம் வரவில்லை. அத்தோடு இரண்டு வருடம் விட்டுப்போயிற்று. (அவ்விதியை வகுத்தவர் வீட்டில் எவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை போலும்.)

பின்னர்தான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வைப் பற்றி வாசித்தேன். உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் ஒரு புதுப் பழக்கம் தானாக நிகழ 18 முதல் 254 நாள்வரை ஆகலாம் என்று கணித்த அவர்கள், இடையில் ஒரு நாள் தவறுவது அதைப் பெரிதாகக் குலைப்பதில்லை என்றும் கண்டார்கள். அன்றாடம் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு புதியதை இணைத்தே அவர்கள் செய்து பார்த்திருந்தார்கள்.

எங்கள் கல்லடி வீட்டில் எப்படியும் நடக்கும் காரியம் தேத்தண்ணி. கேத்திலை அடுப்பில் வைத்ததும் குசினி வாசற்படியில் அமர்ந்து, மூச்சைப் பத்துவரை எண்ணுகிறேன். நாலாவது மூச்சிலேயே வங்கிக்கடன் நினைவுக்கு வந்துவிடும். அதைக் கண்டுகொண்டதும் மீண்டும் ஒன்று. இந்த ஒன்று தண்டனையன்று. கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே. பாண் வண்டியின் இசைக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அது ஒழுங்கை முனையில் எழுந்து, எங்கள் வேலியைத் தாண்டி, கடற்கரைப் பக்கமாக மெலியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த ஊர் இது. கண்ணை மூடினால் அந்த இரைச்சலே வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கண் திறந்து, சிறிது நேரம் மட்டும் இருக்கலாம். அதுவும் கலக்கினால் விட்டுவிட்டு வைத்தியரைப் பார்ப்பதே நல்லது.

கேத்தில் மூடி தடதடத்ததும் எழுந்து தேயிலை போடுகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது தவறிவிடுகிறது. அதைக் கலண்டரில் குறிப்பதில்லை.