கிரிஃபித் பதிவேட்டில் பெயர் இருந்தால் நிலக்கிழார் ஆகிவிடுவாரா?

அயர்லாந்தின் கிரிஃபித் நில மதிப்பீட்டில் முன்னோர் பெயர் இருந்தால், அவர் நிலவுடைமைக் குடும்பத்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 1847 முதல் 1864 வரை வெளியான அந்த மதிப்பீடு வரி விதிப்புக்காக எடுக்கப்பட்டது. நிலத்தை யார் அனுபவித்தார்கள் என்பதே அதில் முதன்மை. குடிசையும் சிறு தோட்டமும் மட்டுமே வைத்திருந்த குத்தகைதாரர்கள்தாம் அதில் ஏராளம்.

நீங்களே பார்க்கலாம். 'ஆஸ்க் அபவுட் அயர்லாந்து' இணையதளத்தில் மூலப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைத் தேடியதோடு நிறுத்தாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு பெயர் வரிசைகள் இருக்கும்: முதலாவது அனுபவதாரர், அடுத்தது அவருக்கு நிலத்தை நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர். இரண்டாமவர்கூட இடைக் குத்தகைதாரராக, அதாவது வேறொருவரிடம் குத்தகைக்கு எடுத்து மறு குத்தகைக்கு விட்டவராக, இருக்கலாம். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த இரண்டாம் வரிசையில் பெயருக்குப் பதில் 'இன் ஃபீ' என்றிருந்தால்தான் அனுபவதாரருக்கே நிலம் சொந்தம். மேலும் உறுதி வேண்டுமென்றால், ஓர் ஏக்கரும் அதற்கு மேலும் வைத்திருந்த உரிமையாளர்களின் 1876ஆம் ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.