பாதியில் நிற்கும் பச்சை

இலங்கை மலையகத்தில், அட்டன், நுவரெலியா பக்கம் பச்சை குத்தத் தொடங்கி, பாதியில் குத்துற ஆளை மாற்ற வேண்டி வந்தால் பெரிய தலையிடிதான். கேட்டது தேயிலைக் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும். கையில் இருப்பது கோணல் கோடும், ஓரத்தில் புகைபோலக் கசிந்த நீலமும். ஊசி தோலுக்குள் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை போனால் போதும். அதைத் தாண்டினால் மை கொழுப்பில் பரவிவிடும். மேலோடு நின்றால் பொருக்கோடு உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைத் திரும்பக் குத்தலாம், கசிந்ததை எப்படி இழுத்தெடுப்பது?

"சும்மா திருத்தித் தாறன், வாங்க" என்பார் முதல் ஆள். போகவே கூடாது! அதே கை அதே இடத்தில் மேலும் அழுத்தினால் தழும்புதான் மிஞ்சும்.

உடனே வேறு ஆளிடம் ஓடவும் முடியாது. மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம். மறுபடி ஊசி பட 6 முதல் 8 வாரமாவது வேண்டும். இந்தக் குளிரில் கம்பளிச் சுவெட்டர் வேறு உரசிப் பொருக்கைப் பிய்க்கும், உள்ளே தளர்வான பருத்திச் சட்டை கட்டாயம். புதியவரிடம் பழைய வரைபடத்தையும், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் காட்ட வேண்டும். பழையதின் மேல் புதுப் படம் குத்தி மறைப்பதென்றால் பெரும்பாலும் பழையதைப் போல 2, 3 மடங்கு பெரிதாக, இன்னும் கருப்பாகத்தான் வரும். அந்த மெல்லிய கொழுந்து இனி இல்லை.