தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது

"கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆற்றுக்குக் கெடுதல் இல்லை" என்று சொல்வது தவறுங்க. படியவைத்து வடிகட்டினால் கலங்கல் போய்விடும். கரைந்திருக்கும் அம்மோனியா அப்படிப் போகாது, கண்ணுக்கும் தெரியாது. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் அதை ஆற்றுநீரிலிருந்துதான் எடுக்கும். கோடையில் கணுக்கால் அளவே ஓடும் சிற்றாறு அவ்வளவு ஆக்சிஜனுக்கு எங்கே போகும்? இரவில் நீர்த்தாவரங்கள் ஆக்சிஜன் தராததால் விடியற்காலையில் நிலைமை இன்னும் மோசம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். நிலையத்தில் சேர்க்கும் குளோரின் கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் மிச்சம் நின்றால் அதுவே மீனுக்கு நஞ்சு. நிறத்தை விடுங்கள், அம்மோனியா அளவையும், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் பி.ஓ.டி. அளவையும் கேளுங்கள்.