திருத்தம் மட்டும் ஏன் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை?

சமூக ஊடகமும் அறிவியலும் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் போலி மருத்துவக் குறிப்புகளையும் வாட்ஸப் ஃபார்வர்டுகளையும்தான் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நேர்மையான ஆய்வாளர் ஒழுங்காகச் சொன்ன விஷயமே இங்கே வந்ததும் வேறொன்றாக மாறிவிடுகிறது. "இத்தனை பேரிடம், இந்தச் சூழலில் பார்த்தோம், இப்படித் தெரிகிறது, இன்னும் சோதிக்க வேண்டும்" என்று அவர் எழுதியதில் "இப்படித் தெரிகிறது" மட்டும்தான் பதிவாகிறது, அதுவும் "இப்படித்தான்" என்று ஆகி. அப்புறம் புதிய சான்று வந்து முடிவு மாறினால், மாறுவதுதான் அறிவியலின் வேலை என்றாலும், படிப்பவருக்கு "அன்றைக்குப் பொய் சொன்னார்கள்" என்றுதான் படுகிறது.

இதில் அதிகாரபூர்வ அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டது. "உண்மை" என்று தலைப்பிட்டு, கோவிட் காற்றின் வழியே பரவாது என்று, அந்த "பரவாது"வைப் பெரிய எழுத்தில் அழுத்திச் சொன்னது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை! அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, காற்றின் வழியே பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். 2021இல் நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றியது. "இதுவரை கிடைத்த சான்றுகளின்படி பெரும்பாலும் நெருக்கத்தில் தெறிக்கும் துளிகளால் பரவுவதாகத் தெரிகிறது, இது மாறக்கூடும்" என்று மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கால்வாசிப் பேர்கூடப் பகிர்ந்திருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். பகிரப்பட வேண்டும் என்பதற்காக உறுதியான குரலில் பேசினார்கள், அந்தக் குரலின் ஸ்கிரீன்ஷாட் பிறகு அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் எதிராக, தடுப்பூசி உட்பட, எடுத்து வீசப்பட்டது.

இன்னொரு பக்கம், எலி. "இந்த மருந்து ஞாபக மறதியைப் போக்குகிறது" என்று தலைப்பு ஓடும், உள்ளே போய்ப் பார்த்தால் சோதனை நடந்தது எலிகளிடம். ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019இல் ட்விட்டரில் இதற்கென்றே ஒரு கணக்குத் தொடங்கினார். இப்படிப்பட்ட செய்திகளைப் பகிர்ந்து, மேலே "எலிகளில்" என்று மட்டும் எழுதுவார். அந்த ஒரு சொல் முழுச் செய்தியையும் சரிசெய்துவிட்டது. அதைப் போடத் தலைப்பில் இடமா இல்லை? இடம் இருக்கிறது, போட்டால் யாரும் கிளிக் செய்ய மாட்டார்கள்.

சரி, அப்படியானால் அறிவியலாளர்கள் சமூக ஊடகத்தை விட்டே போய்விடலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து. 2023 ஜூலையில் எல்கே-99 வந்தபோது நடந்ததைப் பாருங்கள். சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளைச் செய்துவிட்டோம் என்று தென்கொரிய ஆய்வாளர்கள், மதிப்பீட்டுக்குப் போகாத முன்வரைவாக ஒரு கட்டுரையை ஆர்க்கைவ் தளத்தில் போட்டார்கள். காந்தத்தின் மேல் ஒரு கருப்புத் துண்டு பாதி எழும்பி நிற்கும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பல நாட்டு ஆய்வகங்கள் தாங்களும் செய்து பார்த்து, வந்ததையும் வராததையும் அப்படியே பொதுவெளியில் போட்டன. ஒரு மாதத்துக்குள் விடை கிடைத்துவிட்டது. மின்தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு. ஜெர்மனியில் கலப்படமில்லாமல் தூய படிகமாகச் செய்து பார்த்தபோது அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. ஒரு கூற்றை எப்படிச் சோதிக்கிறார்கள், எப்படிக் கைவிடுகிறார்கள் என்பதைப் பொதுமக்கள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்த சந்தர்ப்பம் அபூர்வம். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் மிதக்கும் துண்டைப் பார்த்தவர்களில் எத்தனை பேரிடம் காப்பர் சல்பைடு போய்ச் சேர்ந்தது?

சேராது, ஏனென்றால் இந்தத் தளங்கள் அப்படி அமைக்கப்படவில்லை. 2018இல் சயன்ஸ் இதழில் வந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தது. பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். பரப்பியது தானியங்கிக் கணக்குகள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அதே முடிவுதான், மனிதர்கள்தான் பகிர்ந்திருக்கிறார்கள். ஃபேஸ்புக்கோ 2017இலிருந்து கோபக் குறி உள்ளிட்ட எமோஜிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து வந்தது, 2021இல் கசிந்த உள் ஆவணங்களில் இது வெளிவந்தது. அப்போது கோபம் வந்தால் பதிவு மேலே ஏறியது. "நாங்கள் முன்பு சொன்னதில் இந்தப் பகுதி சரியில்லை" என்ற நிதானமான வரிக்கு யார் கோபக் குறி போடப்போகிறார்கள்?

அந்தக் கோபம் ஆய்வாளர்கள் மேலேயும் பாய்கிறது. கோவிட் பற்றி ஊடகங்களில் பேசிய 321 அறிவியலாளர்களிடம் நேச்சர் இதழ் 2021இல் கேட்டபோது 15 சதவீதத்தினர் கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். இதற்குப் பிறகு ஒருவர் வாயை மூடிக்கொண்டு ஆய்வகத்துக்குள் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் விட்டுப்போன இடத்தில் வந்து உட்காருபவருக்கு எந்தச் சந்தேகமும் இருப்பதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். 2020 மார்ச்சில் வெறும் 36 நோயாளிகளை வைத்து, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிடுக்கு வேலை செய்கிறது என்று பிரான்சிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஓரிரு நாளிலேயே அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். பெரிய சோதனைகள் அந்த மருந்தால் கோவிடுக்குப் பலனில்லை என்று அதே ஆண்டே காட்டிவிட்டன. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில். அதை அன்று பகிர்ந்தவர்களுக்கு இது தெரியுமா? யார் எதைப் பார்த்தார், எத்தனை நொடி பார்த்தார் என்று தளங்களிடம் கணக்கு இருக்கிறது, விளம்பரம் விற்பதே அதை வைத்துத்தான். தவறான கோவிட் பதிவுகளுக்கு லைக், கமென்ட் போட்டவர்களுக்குத் தகவல் அனுப்புவோம் என்று 2020 ஏப்ரலில் ஃபேஸ்புக்கே அறிவித்தது, ஆகவே முடியாத காரியம் இல்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டால், அந்த இணைப்பைப் பகிர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் வரட்டும், "நீங்கள் பகிர்ந்த ஆய்வு திரும்பப் பெறப்பட்டது, காரணம் இது" என்று இரண்டே வரியில். பிறந்தநாளை நினைவூட்டத் தெரிந்த தளத்துக்கு இதையும் செய்யத் தெரியும்.