ஒரு கிளிப் ஆணிக்கு 14,500 ரூபா கேக்குறானுங்க

மூணு வாரமா வயிறு எரிஞ்சுகிட்டே இருக்கு, இன்னைக்கு கொட்டிடறேன். வீட்டுல ஒரு 5.1 ஹோம் தியேட்டர் இருக்கு, அதாவது அஞ்சு ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. ஆடம்பரத்துக்கு வாங்கல. அப்பாவுக்கு 74 வயசு, காது மந்தம், டிவி ஸ்பீக்கர்ல யாரு என்ன பேசுறாங்கன்னே அவருக்குப் பிடிபடாது, 5.1ல வசனம் முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்லதான் வரும், அதை மட்டும் கொஞ்சம் ஏத்தி வச்சுட்டா அவரு பாட்டுக்கு உக்காந்து முழுப் படமும் பாப்பாரு. எல்லா ஸ்பீக்கரையும் மாட்டி ஓட்டுற பெட்டிக்கு ரிசீவர்னு பேரு, அதுக்காக ஒரு வருஷம் காசு சேத்து வாங்குன ரிசீவர் அது. வாரன்டி முடிஞ்சு நாலு மாசம்கூட ஆகல, ஆரம்பிச்சுது.

படம் ஓடி இருபது நிமிஷம் நல்லா இருக்கும். சண்டையோ இடியோ வந்து சத்தம் ஏறுற நேரம் பாத்து உள்ள 'டக்'னு ஒரு ரிலே சத்தம், அவ்ளோதான், டிஸ்ப்ளே செத்துடும், ஓரமா சிவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குனு மினுக்கும். அப்பா திரும்பி என் மூஞ்சியப் பாப்பாரு. ஆன் பண்ணுவேன், பத்து நிமிஷம், மறுபடி டக். நாலாவது தடவை அவரே "விடுப்பா, நான் போயி படுக்குறேன்"னு எந்திரிச்சுப் போனாரு பாருங்க, எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா, என்ன ஆச்சு, எப்ப ஆஃப் ஆகுதுன்னு ஒரு கேள்வி கிடையாது, "செட்ட எடுத்துட்டு வந்துடுங்க சார்", அவ்ளோதான். பத்து கிலோ சாமான். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிக்கு பஸ்ஸுல மடியில வச்சுகிட்டு போனேன், ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில்னு ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடிபட்டுடக் கூடாதேன்னு குழந்தைய மாதிரி தூக்கிப் புடிச்சுகிட்டு. அங்க போனா அவங்க மேஜையில இருந்த ரெண்டு குட்டி ஸ்பீக்கர்ல மாட்டி, சின்ன சத்தத்துல பத்து நிமிஷம் ஓட்டிட்டு "நல்லாத்தானே சார் ஓடுது"ங்கறான். நல்லாத்தான் ஓடும், அங்க என் வீட்டு ஒயரும் இல்ல, என் வீட்டு ஸ்பீக்கரும் இல்ல, அதைத்தானே யோசிக்கணும்?

750 ரூபா செக்கிங் சார்ஜ் வாங்கிட்டு ஒம்போது நாள் வச்சிருந்தாங்க. அப்புறம் போன். "ஆம்ப் போர்டு வீக்கா இருக்கு சார், மாத்திடணும், 14,500 ஆகும், ஜிஎஸ்டி தனி." ஆம்ப் போர்டுன்னா ஸ்பீக்கருக்கு சத்தத்த ஏத்திக் கொடுக்குற உள் பலகை. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், இந்த ஒம்போது நாள்ல உங்ககிட்ட ஒரு தடவையாவது ஆஃப் ஆச்சா? "இல்ல சார், ஆனா போர்டுதான்." ஆஃபே ஆகாத செட்டுக்கு போர்டு போச்சுன்னு எந்த மீட்டர வச்சு கண்டுபுடிச்சான்? போர்டு வேணாம்னு சொல்லி மறுபடி பஸ் ஏறி தூக்கிட்டு வந்தேன்.

அந்த சிவப்பு லைட்டு மினுக்குறது சும்மா இல்லங்க. அது பேரு புரொடெக்‌ஷன். ஸ்பீக்கர் பக்கம் எங்கயாவது ரெண்டு கம்பி ஒட்டி ஷார்ட் ஆனாலோ, சூடு எல்லை மீறினாலோ, ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத டிசி கரன்ட் அவுட்புட்ல வந்தாலோ, உள்ள இருக்குற டிரான்சிஸ்டரோ வெளிய இருக்குற ஸ்பீக்கரோ எரிஞ்சுடக் கூடாதுன்னு செட்டு தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும். "என்னை அடிக்காத, எங்கயோ ஏதோ தப்பா இருக்கு பாரு"ன்னு மெஷினே கத்துது, படிச்சு சர்டிபிகேட் வாங்கினவன் காதுல மட்டும் விழ மாட்டேங்குது. இன்னொண்ணு, இப்படி ஆஃப் ஆன செட்ட திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, நெஜமாவே ஷார்ட் இருந்தா அதுலயே போர்டு போயிடும். நான் பண்ணேன், நினைச்சா இப்பக்கூட பக்குங்குது.

ஞாயித்துக்கெழம காலையில உக்காந்தேன். சூடா இருக்குமோன்னு கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிலேர்ந்து வெளிய எடுத்து வச்சேன், தூசு படுதுன்னு அம்மா மேல போட்டிருந்த பூப்போட்ட துணியையும் எடுத்தாச்சு, மேல காத்து போக இடம் வேணும். அப்பவும் டக். கத்திரி வெயில்ல தெருவே ஏசி போட்டா கரன்ட் இறங்குமேன்னு ஸ்டெபிலைசர பாத்தேன், 228 வோல்ட் காட்டுது, அதுல குறை இல்ல. ஆட்டோ ஸ்டாண்ட்பை, டிவியோட சேந்து ஆஃப் ஆகுற செட்டிங், ரெண்டையும் எடுத்துட்டேன். டக்.

பிளக்க புடுங்கிட்டு பின்னாடி அஞ்சு ஸ்பீக்கர் ஒயரையும் கழட்டினேன். ஸ்பீக்கரே இல்லாம சத்தத்த நல்லா ஏத்தி வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டினேன், அசையல. அப்ப மொத சந்தேகம் ஒயர், ஸ்பீக்கர் மேலதானே போகணும்? அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டுனேன், ஒவ்வொரு தடவையும் பிளக்க புடுங்கிட்டுதான். நடு ஸ்பீக்கர், முன்னாடி ரெண்டும், பின்னாடி இடது, எல்லாம் ஓகே. பின்னாடி வலது மாட்டுனேன், அதே சண்டை சீன், டக்.

அந்த ஒயர ரெண்டு முனையிலயும் கழட்டிட்டு மல்டிமீட்டர பீப் சத்தத்துல வச்சு, ஒயருக்குள்ள இருக்குற ரெண்டு கம்பியிலயும் தொட்டேன், ரெண்டும் எங்கயாவது ஒட்டியிருந்தா கத்தும். ரெண்டு பக்கமும் கழட்டுன ஒயர்ல பீப்பே வரக் கூடாது. வரல. சரின்னு செவுத்து ஓரமா ஒயர் மேல கைய வச்சு தட்டிகிட்டே போனேன், ஜன்னலுக்குக் கீழ வந்ததும் 'பீப்'. கைய எடுத்தா நிக்குது, தட்டினா பீப். ஒயர செவுத்தோட புடிச்சு நிறுத்த அடிச்சிருந்த கிளிப்ப நெம்பி எடுத்தா, ஆணி ஒயருக்குப் பக்கத்துல இறங்காம ஒயருக்கு நடுவுலயே இறங்கியிருக்கு. உப்புக் காத்துல ஆணி துரு ஏறி, அது தொட்ட இடத்துல செம்பு பச்சையா பூத்துக் கெடக்கு. ஒரு பக்கக் கம்பியில குத்தி நிக்குது, இன்னொரு பக்கத்த மயிரிழையில உரசுது. சத்தம் ஏறி செவுரு அதிரும்போது ரெண்டும் சேரும், ஷார்ட், டக். அந்த ஆணி அடிச்சது யாரு? செட்டு வாங்குன கடையிலேர்ந்து 'ஃப்ரீ இன்ஸ்டாலேஷன்'னு வந்தவன்!

ஒயரு வாங்கி, பிவிசி பட்டி போட்டு நானே இழுத்தேன், மொத்தமே 420 ரூபா. ஒரு வாரமா ஒரு தடவைகூட ஆஃப் ஆகல. அப்பா நேத்து ராத்திரி முழுப் படம் பாத்தாரு.

அந்த ஆணிய போட்டோ எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி 750ஐ திருப்பிக் கேட்டேன். "செக்கிங் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது சார்"ன்னாங்க. எதைடா செக் பண்ணீங்க? பின்னாடி ஒயர்ல ஷார்ட் இருக்கா பாருங்கன்னு மொத நாளு போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேனே. என்ன மாதிரி மீட்டர் புடிக்கத் தெரியாத எத்தன பேரு இந்த 14,500ஐ வட்டிக்கு வாங்கிக் கட்டிட்டு, வீட்டுக்கு வந்து மாட்டி, மறுபடி டக்குன்னு ஆஃப் ஆனதப் பாத்துகிட்டு உக்காந்திருப்பாங்க?