சாமியாடி என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக் கூட்டத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். என் கையிலிருந்து மைக்கை வாங்கியதில் எனக்குக் கோபமில்லை. (சரி, கொஞ்சம் இருக்கிறது.) வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவை "சாமியாடி" என்று ஒருவர் சொல்லி அரங்கத்தைச் சிரிக்கவைத்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இன்றைய ஜார்க்கண்டில் முண்டா பழங்குடிகள் காடு திருத்தி உண்டாக்கிய நிலத்தை ஜமீன்தாரும் வட்டிக்காரரும் பிடுங்கினார்கள், கூலியில்லாமல் வெட்டி வேலை வாங்கினார்கள். 1899 கடைசியில் பிர்சா தலைமையில் உல்குலான் என்ற பெருங்கலகம் வெடித்தது அதனால்தான். அதற்கு முன்பே, 1855இல் சித்து, கானு என்ற அண்ணன் தம்பிகள், தங்கள் சாமி டாக்கூரின் கட்டளை என்று சொல்லித்தான் போக்னாதி கிராமத்தில் சந்தால் பழங்குடிகளைத் திரட்டினார்கள். அங்கேயும் வட்டிக் கொடுமைதான், நிலம்தான். நிலம் ஐயா, நிலம்! அதைப் பேச அவர்களிடம் இருந்த மொழி சாமி.

"தோட்டா தண்ணீராகும் என்று நம்பித்தானே செத்தார்கள்?" என்பீர்கள். நம்பினார்கள்தான், செத்தார்கள்தான். சுட்டவனை விட்டுவிட்டு நம்பியவனைக் குடைவது என்ன பகுத்தறிவோ! 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தபோது பிர்சாவுக்கு 25 வயதுகூட நிறையவில்லை. 1908இல் அந்த வட்டாரத்தில் ஆதிவாசி நிலம் கைமாறுவதற்குக் கட்டுப்பாடு போட்டு வெள்ளைக்காரனே சட்டம் கொண்டுவந்தான். மூடநம்பிக்கைக்குப் பயந்தா?

"டெல்டாக்காரனுக்கு மலைக்காட்டுக் கதை எதற்கு?" என்று ஒரு நண்பர். சொல்கிறேன். என் தாத்தா பண்ணையாள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வருவதற்கு முந்திய காலம். வருஷம் முழுக்க இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு "ஆண்டே" என்று வாசலுக்கு வெளியே நின்றவர். வீரன் கோயிலில் சாமி வந்தால் மட்டும், "ஏண்டா, மரக்கால்லயா ஏமாத்துற?" என்று பண்ணையாரையே கேட்பாராம். பண்ணையாரும் குனிந்து விபூதி வாங்கிக்கொள்வாராம். அந்த வருஷம் அறுப்புக் கூலி குறையாமல் அளந்துவிடுவார்கள் என்று அப்பாயி சொல்லும். சாமி மலையேறியதும், "நான் என்ன பேசினேன்?" என்று தாத்தா பயந்து பயந்து கேட்பாராம். நிஜமாகவே மறந்துதான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. என்னிடமும் கறுப்புச் சட்டை இருக்கிறது, எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "உணர்ச்சிவசப்படாதீர்கள் தோழர்" என்று நேற்றிலிருந்து நாலு பேர் இன்பாக்ஸில் வந்துவிட்டார்கள். படுவேன். தாத்தா ஆடியபோது பண்ணையார்கூடச் சிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தது நீங்கள். யார் யாரென்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.